போன புதிதில் நான் கைநாட்டு

“என் தம்பிக்கு 22 வயது. சீன மொழி படிக்க ஒரு வருடம் செங்டுவுக்குப் போகிறான். வெளிநாட்டுப் பையன் ஒருவனுக்குப் போன புதிதில் அங்கே வாழ்க்கையும் பயணமும் எப்படி இருக்கும்? அவனை எதற்குத் தயார்படுத்தி அனுப்ப வேண்டும்?” என்று ஓர் அக்கா கேட்டிருக்கிறார்.

நானும் அதே வயதில், அதே ஊருக்குத்தான் போனேன். 2016 செப்டம்பரில் ஒரு வருடம் மொழி படிக்கலாம் என்று போனவன், அப்புறம் வேலை கிடைத்து 2019 வரை இருந்துவிட்டேன். அதற்குப் பிறகு மாறிப்போன விஷயங்களையும் சேர்த்தே சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

சீனா என்றாலே இங்கே எல்லோரும் சாப்பாட்டை வைத்துத்தான் பயமுறுத்துவார்கள். பாம்பு, தேள் என்று பட்டியல் போடுவார்கள். மூன்று வருடத்தில் என் தட்டுக்கு ஒரு பாம்பும் வரவில்லை. (முயல் தலை வந்தது. செங்டுக்காரர்கள் அதைக் காரமாகச் சமைத்து, பிளாஸ்டிக் கையுறை மாட்டிக்கொண்டு, நாம் நண்டை உடைத்துத் தின்பது போல ரசித்துத் தின்பார்கள்.) முதல் நாளே என்னை ஆட்டிவைத்தது சாப்பாடு இல்லை. பதினாறு வருடம் படித்த எனக்கு, அங்கே போய் இறங்கியதும் எழுதப் படிக்கத் தெரியாமல் போய்விட்டது. அதுதான்.

மொழி தெரியாத ஊர் வேறு, எழுத்து தெரியாத ஊர் வேறு. செங்டுவில் பெரிய சாலைப் பலகைகளிலும் மெட்ரோவிலும் ஆங்கிலம் இருக்கிறது. ஒரு சந்துக்குள் திரும்பினால் முடிந்தது கதை. எதிரே இருப்பது மருந்துக் கடையா, முடிவெட்டும் கடையா என்று பலகையைப் பார்த்துச் சொல்ல முடியாது. உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும்.

எங்கள் அப்பாயிக்குப் படிப்பு கிடையாது. கையெழுத்துப் போடச் சொன்னால் கட்டைவிரலை நீட்டுவார். பஸ் ஸ்டாண்டில் வண்டியின் நிறத்தையும் கண்டக்டரின் முகத்தையும் வைத்து எந்த ஊர் பஸ் என்று கண்டுபிடிப்பார். அப்போதும் நம்பிக்கை வராமல் பக்கத்தில் நிற்கிற பையனிடம், “தம்பி, இது கந்தர்வகோட்டதான போவுது?” என்று கேட்பார். சின்ன வயதில் எனக்கு அது கூச்சமாக இருக்கும். கொட்டை எழுத்தில்தான் எழுதியிருக்கிறதே, எதற்குக் கேட்கிறார் என்று கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொள்வேன். செங்டுவில் முதல் மாதம் முழுக்க நான் செய்தது அதையேதான். பஸ் எண்ணாவது நம் எண்ணாக இருந்தது. இறங்க வேண்டிய நிறுத்தத்தை, எதிரே இருந்த பல் ஆஸ்பத்திரியின் பெரிய பல் படத்தை வைத்து அடையாளம் பிடித்தேன். ஒருநாள் அந்தப் படத்தை மறைத்து ஏதோ விளம்பரத் துணி கட்டிவிட்டார்கள். மூன்று நிறுத்தம் தாண்டிப் போய்விட்டேன்.

தேவை வந்தால் எழுத்து மண்டையில் ஏறும். நான் முதலில் படித்த எழுத்துகள் கழிப்பறைக் கதவில் இருந்தவை. நான்கு கட்டம் போட்ட வயல் மேலே, வலிமையைக் குறிக்கும் எழுத்து கீழே இருந்தால் ஆண். அடுத்தது ‘வெளியே போகும் வழி’. அதில் ‘வாய்’ என்னும் எழுத்து வெறும் சதுரக் கட்டம்தான், வாசலுக்கும் அதுவே. அப்புறம் ‘தள்ளு’, ‘இழு’. இந்த இரண்டும் தெரியாமல் கண்ணாடிக் கதவுகளோடு மல்லுக்கட்டியது போதும் போதும் என்றாகிவிட்டது. உங்கள் தம்பி கிளம்புவதற்கு முன்பே ஒரு ஐம்பது எழுத்தைப் பழகிக்கொண்டு போனால் முதல் மாதத்து அவமானத்தில் பாதி மிச்சம்.

அடுத்த சங்கடம் பெயரில் வந்தது. சீனாவுக்குப் போகிற வெளிநாட்டவர் ஹோட்டலில் தங்கினால் ஹோட்டல்காரர்களே போலீஸில் பதிவு செய்துவிடுவார்கள். வீடு எடுத்துத் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அந்தப் பகுதிக் காவல் நிலையத்துக்கு நாமே போய்ப் பதிய வேண்டும். நீண்ட காலப் படிப்பு விசாவில் போகிறவர்கள் போய்ச் சேர்ந்த 30 நாட்களுக்குள் குடியிருப்பு அனுமதிக்கும் விண்ணப்பிக்க வேண்டும். இதையெல்லாம் பல்கலைக்கழகமே கூட இருந்து செய்துவைக்கும், பயமில்லை. ஆனால் என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலி. நம்மில் பலருக்கு அப்படித்தான். காவல் நிலையத்தில் இருந்த பெண் அதிகாரி போனில் மொழிபெயர்ப்புச் செயலியை வைத்துக்கொண்டு, குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார். இல்லை என்றேன். செயலி அதை எப்படி மாற்றிச் சொன்னதோ, அவர் முகம் சட்டென்று இரக்கமாகிவிட்டது. எனக்குக் குடும்பமே இல்லை என்று புரிந்துகொண்டிருக்கிறார்.

சிரிப்பதற்காகச் சொல்லவில்லை, இது நடைமுறையில் பெரிய தலைவலி. வங்கியில் என் பெயரை ஒரு வரிசையில் எழுதினார்கள், சிம் கார்டு வாங்கிய இடத்தில் வேறு வரிசையில் எழுதினார்கள். பணம் செலுத்தும் செயலி இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, நீ யாரோ, அவன் யாரோ என்று கதவைச் சாத்திவிட்டது. சரிசெய்ய மூன்று வாரம் ஆனது. பெயரை முதல் படிவத்தில் எப்படி எழுதினார்களோ அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அதே வரிசை, அதே இடைவெளியோடு எல்லா இடத்திலும் எழுதச் சொல்லி உங்கள் தம்பியிடம் சொல்லுங்கள். ரயில் டிக்கெட்டுக்கும் இது பொருந்தும்.

மொழி வகுப்பில் எல்லோருக்கும் ஒரு சீனப் பெயர் வைப்பார்கள். என் பெயர் ‘ம’வில் தொடங்குவதால் ஆசிரியை எனக்கு ‘மா’ என்ற குடும்பப் பெயரைக் கொடுத்தார். குதிரை என்று பொருள். சீனாவில் ஹுவேய் முஸ்லிம்களிடையே அந்தப் பெயர் மிகச் சாதாரணம் என்பது எனக்குத் தெரியாது. தெருமுனையில் லான்சோ நூடுல்ஸ் கடை வைத்திருந்தவர் என் பெயரைக் கேட்டதும் எழுந்து வந்து சலாம் சொன்னார். இல்லை என்று விளக்குவதற்குள் ஒரு கிண்ணம் நூடுல்ஸ் வந்துவிட்டது.

சரி, பணம். 2016இலேயே செங்டுவில் காய்கறி விற்கிற பாட்டி வரைக்கும் கியூஆர் அட்டை தொங்கவிட்டிருந்தார்கள். அப்போது இந்தியாவில் நமக்கு அது புதுசு. குளிர் தொடங்கிய ஒரு மாலை, தகர டிரம்மில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு சுட்டு விற்கிற அம்மாவிடம் நூறு யுவான் நோட்டை நீட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். சில்லறை இல்லை. கிழங்கை மட்டும் கையில் திணித்து, நாளைக்குக் கொடு என்பது போலச் சைகை காட்டினார். எழுத்து தெரியாததோடு இப்போது காசும் செல்லாதவன் ஆகிவிட்டேன். அப்போது இந்தச் செயலிகளுக்கு உள்ளூர் வங்கிக் கணக்கு கட்டாயம் வேண்டியிருந்தது. 2023 முதல் வெளிநாட்டு விசா, மாஸ்டர்கார்டு அட்டைகளையே அலிபேயிலும் வீசாட்டிலும் இணைத்துக்கொள்ளலாம். 200 யுவானுக்கு மேல் போகிற ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் 3 சதவீதம் பிடிப்பார்கள், அதற்குள் என்றால் இல்லை. எதற்கும் பத்து, இருபது யுவான் நோட்டுகளாகக் கொஞ்சம் கையில் இருக்கட்டும்.

வீட்டோடு பேசுவதைப் பற்றி முன்கூட்டியே யோசித்துவிடுங்கள். ஃபேஸ்புக் 2009 முதலும் வாட்ஸ்அப் 2017 முதலும் அங்கே முடக்கம். கூகுளும் வேலை செய்யாது. சரி, அவர்களுடைய வீசாட்டில் பேசலாம் என்றால் 2020 ஜூனில் நம் அரசு அதைத் தடை செய்துவிட்டது. அவன் செயலி இங்கே இல்லை, நம் செயலி அங்கே இல்லை. எளிய வழி, இந்திய சிம்மை ரோமிங்கில் வைத்திருப்பது. ரோமிங் இணையம் சொந்த நாட்டு நிறுவனத்தின் வழியாகச் சுற்றி வருவதால் எல்லாம் வேலை செய்யும். செலவாகும், ஆனால் அம்மாவுக்கு ராத்திரி ஒரு குரல் கேட்டால் போதும் இல்லையா? ஒரே ஒரு எச்சரிக்கை: கூகுள் மேப்பை நம்பி நடக்க வேண்டாம். சீன வரைபடங்கள் இடத்தைக் குறிக்க வேறொரு கணக்கைப் பயன்படுத்துவதால் நாம் நிற்கும் இடம் சில நூறு மீட்டர் தள்ளிக் காட்டும். அந்தக் கணக்கில் நான் பல நாள் ஆற்றுக்குள் நின்றிருக்கிறேன். அங்கே எல்லோரும் பயன்படுத்துகிற உள்ளூர் வரைபடச் செயலிகளையே பழகிக்கொள்ளட்டும்.

இனி நல்ல செய்தி. தமிழ்ப் பிள்ளைக்கு அந்த மொழியில் ஓரிடத்தில் மட்டும் பெரிய சலுகை உண்டு. உறவுமுறை. சீன மொழியில் வெறும் சகோதரன் என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. அண்ணன் ‘கெக’, தம்பி ‘தீதி’, அக்கா ‘ஜியேஜியே’, தங்கை ‘மெய்மெய்’. அப்பாவுக்கு அண்ணன் என்றால் ஒரு சொல், தம்பி என்றால் இன்னொரு சொல், அம்மாவின் உடன்பிறந்தவர் என்றால் வேறொன்று. பெரியப்பா, சித்தப்பா, மாமா, அவ்வளவுதான். வகுப்பில் இருந்த ரஷ்யப் பெண்ணும் இத்தாலியப் பையனும் வரைபடம் போட்டு மனப்பாடம் செய்துகொண்டிருந்தபோது நான் பத்தே நிமிடத்தில் முடித்துவிட்டு ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்தேன். (‘தீதி’ மட்டும் இந்தி தெரிந்தவர்களைக் குழப்பும். இந்தியில் அக்கா, சீனத்தில் தம்பி.) தெரியாதவர்களையும் உறவு சொல்லித்தான் கூப்பிட வேண்டும். நடுத்தர வயதுப் பெண்கள் எல்லோரும் ‘ஆயி’. சித்தி என்று பொருள். விடுதியைப் பெருக்குகிற ஆயி, கேன்டீனில் சோறு போடுகிற ஆயி. அப்பாயியை விட்டு வந்தவனுக்கு ஊர் முழுக்க ஆயி.

‘ச்சி ல மா?’ என்பார்கள். சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். பதிலுக்குக் காத்திருக்காமல் நடந்துகொண்டே கேட்டுவிட்டுப் போவார்கள், நாமும் அப்படித்தானே. இதை ஆங்கிலேயர்கள் விருந்துக்கு அழைப்பதாக எடுத்துக்கொண்டு திண்டாடுவதைப் பார்த்திருக்கிறேன். வயசு என்ன, சம்பளம் எவ்வளவு, கல்யாணம் எப்போது என்கிற மூன்று கேள்வியும் ஐந்து நிமிடத்துக்குள் வந்துவிடும். ஐரோப்பிய நண்பர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கு ஊர்க் கல்யாணத்தில் பந்திக்குக் காத்திருப்பது போல இருந்தது.

ஆனால் உச்சரிப்பில் அந்தச் சலுகையெல்லாம் கிடையாது. ஒரே ஒலி, நான்கு தொனி. ‘ஷுவேய்ஜியாவ்’ என்பதை ஒரு மாதிரி சொன்னால் தண்ணீரில் வேகவைத்த கொழுக்கட்டை, இன்னொரு மாதிரி சொன்னால் தூக்கம். கடைக்கார ஆயியிடம் ஒரு தட்டு தூக்கம் எவ்வளவு என்று கேட்டிருக்கிறேன். வாங்குவதும் விற்பதும்கூடத் தொனியில்தான் வேறுபடும். போதாக்குறைக்கு, செங்டு இருக்கும் சிச்சுவான் மாகாணத்துப் பேச்சில் ‘ஷ’ எல்லாம் ‘ஸ’ ஆகிவிடும். வகுப்பில் படித்த பத்தும் நான்கும் சந்தையில் ஒன்றாகிவிடும். பத்து யுவானா நாலு யுவானா? விரலைக் காட்டுங்கள் என்று கேட்டால் ஒரே கையில் ஒன்று முதல் பத்து வரை காட்டும் முறை அவர்களுக்கு இருக்கிறது. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் நீட்டினால் ஆறு. அதையும் படிக்க வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். சிச்சுவான் சமையலில் காரம் உண்டு, கூடவே ‘ஹுவாஜியாவ்’ என்கிற ஒருவகை மிளகு நாக்கை மரத்துப்போகச் செய்யும். முதல் முறை எனக்கு ஏதோ ஒவ்வாமை வந்துவிட்டது என்றே நினைத்தேன். ஒரு மாதத்தில் அது இல்லாமல் இறங்காது. மிளகாய் அவர்களுக்கும் நமக்கும் ஒரே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த விருந்தாளிதான். இரண்டு பேருமே அதைச் சொந்தப் பிள்ளையாக்கிக்கொண்டோம். காலையில் கஞ்சியும் ஊறுகாயும் கிடைக்கும், நிஜமாகவே கஞ்சியும் ஊறுகாயும்தான். தம்பி சைவம் என்றால் ‘வோ ச்சி சூ’ என்ற மூன்று சொல்லைக் கற்றுக்கொள்ளட்டும். ஆனால் வறுத்த பீன்ஸ் என்று கேட்டாலும் மேலே கொத்துக்கறி தூவி வரும். கேட்டால், கறி இல்லையே, வாசத்துக்குக் கொஞ்சம்தான் என்பார்கள். தக்காளி முட்டைப் பொரியலும் உருளைக்கிழங்கு, கத்தரிக்காய், குடமிளகாய் சேர்த்த வறுவலும் நம்பகமானவை. செங்டு வென்ஷு மடத்தில் சைவ உணவகம் இருக்கிறது. வாரம் ஒருமுறை அங்கேதான் எனக்கு ஞாயிற்றுக்கிழமை. தயிர்? மறந்துவிடச் சொல்லுங்கள், பெரும்பாலும் இனிப்பாகத்தான் கிடைக்கும்.

குளிர் விஷயத்தில் யாரும் என்னிடம் உண்மையைச் சொல்லவில்லை. வடக்கே பெய்ஜிங்கில் கடுங்குளிர் அடிக்கும், ஆனால் நவம்பர் 15 முதல் மார்ச் 15 வரை நகரமே குழாய் வழியாக வீடுகளைச் சூடாக்கும். சின்லிங் மலைக்கும் ஹுவாய் ஆற்றுக்கும் தெற்கே அந்த ஏற்பாடு இல்லை. ஐம்பதுகளில் போட்ட கோடு அது. செங்டு கோட்டுக்குத் தெற்கே. ஜனவரியில் ஐந்தாறு டிகிரி, ஈரக்காற்று, வெயில் கிடையாது. அந்தப் பக்கத்து நாய்கள் சூரியனைக் கண்டால் குரைக்கும் என்று அவர்களிடம் பழமொழியே உண்டு. வெளியே ஒரு குளிர் என்றால் அறைக்குள் அதைவிட மோசம். வகுப்பறையில் கோட்டு, தொப்பியோடு உட்கார்ந்து எழுதினோம். அந்தக் குளிர்காலத்தில்தான் வெந்நீரின் மகிமை புரிந்தது. சளியா, வயிற்றுவலியா, மனசு சரியில்லையா, எல்லாவற்றுக்கும் அவர்கள் சொல்லும் வைத்தியம் ‘வெந்நீர் குடி’. ரயில், பள்ளி, அலுவலகம், எங்கும் கொதிநீர்க் குழாய் இருக்கும். ஒரு நல்ல பிளாஸ்க் வாங்கிக் கொடுத்து அனுப்புங்கள், ஸ்வெட்டரைவிட அது முக்கியம்.

பயணத்துக்கு வருகிறேன். 2016 அக்டோபர் தேசிய விடுமுறை வாரத்தில், விவரம் தெரியாமல், செங்டுவிலிருந்து சியானுக்குக் கிளம்பினேன். ‘மக்கள் மலை, மக்கள் கடல்’ என்று அவர்கள் சொல்வதை அன்று ரயில் நிலையத்தில் பார்த்தேன். படுக்கை இல்லை, கிடைத்தது ‘கடின இருக்கை’. நம் இரண்டாம் வகுப்பு உட்காரும் பெட்டி மாதிரி. ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் இரண்டு, எதிரெதிர் இருக்கைகள், நிற்கும் டிக்கெட் வாங்கியவர்கள் நடைபாதையில் மடக்கு ஸ்டூலில். இரவு முழுவதும் பயணம். தள்ளுவண்டிக்காரர் வந்துகொண்டே இருந்தார்: பீர், கூல்டிரிங்க்ஸ், மினரல் வாட்டர், வேர்க்கடலை, விதை, எட்டுப் பொருள் சேர்த்த கஞ்சி, காலை மடக்குங்க, காலை மடக்குங்க! அந்த ராகம் இன்னும் காதில் இருக்கிறது. எந்த ஊர் ரயிலிலும் இப்படி ஒருவர் இருக்கத்தான் செய்வார் போல.

எதிரே ஒரு கட்டடத் தொழிலாளி, அவருடைய மனைவி. பையிலிருந்து ஆரஞ்சும், ஊறிய மிளகாயில் போட்ட கோழிக்கால் பொட்டலமும் எடுத்துக் கொடுத்தார்கள். பக்கத்தில் ஒரு கிழவர் நான் இந்தியா என்றதும் கண்ணை மூடிக்கொண்டு ராஜ் கபூரின் ‘ஆவாரா’ பாட்டை முனகினார். எழுபதுகளின் கடைசியில் அந்தப் படம் அங்கே மறுபடி ஓடி நாட்டையே பாட வைத்திருக்கிறது. அது இந்தி, என் மொழி வேறு என்று சொல்ல என்னிடம் மொழி இல்லை. நானும் கூடவே முனகினேன்.

தொழிலாளி ஏதோ கேட்டார். புரியவில்லை. இன்னும் மெதுவாகக் கேட்டார். புரியவில்லை. உடனே உள்ளங்கையை விரித்து, மறுகை விரலால் அதில் எழுத்தை எழுதிக் காட்டினார். பிறகு இதைச் சீனா முழுக்கப் பார்த்தேன். ஊருக்கு ஊர் பேச்சு மாறும் நாட்டில், பேச்சு புரியாவிட்டாலும் எழுத்து புரியும் என்பது அவர்களுடைய அனுபவம். நான் தலையை ஆட்டினேன். எனக்கு எழுத்தும் தெரியாது. அவர் என் முகத்தைப் பார்த்தார். கேலி இல்லை, அதிர்ச்சியும் இல்லை. தெரிந்த விஷயம்தான் என்பது போல ஒரு தலையசைப்பு. தன் அம்மாவுக்கும் எழுத்து தெரியாது என்று அப்புறம் செயலி வழியாகச் சொன்னார். அந்த அம்மாவிடம்தான் எட்டு வயது மகளை ஊரில் விட்டுவிட்டு இவர்கள் நகரத்தில் வேலை செய்கிறார்கள். ‘ஹுகோவ்’ என்கிற குடும்பப் பதிவு சொந்தக் கிராமத்தில் இருந்தால் நகரத்து அரசுப் பள்ளியில் பிள்ளைக்கு இடம் வாங்குவது குதிரைக்கொம்பு. இப்படி ஊரில் விடப்பட்ட பிள்ளைகளுக்கென்றே சீன மொழியில் ஒரு பெயர் இருக்கிறது, ‘லியோவ்ஷோவ்’ குழந்தைகள். செங்டுவின் கண்ணாடி மாடிகளைப் பார்த்து வாய்பிளந்துகொண்டிருந்த எனக்கு, அவற்றைக் கட்டியவர் மூன்று அடி தூரத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

2017 டிசம்பரில் அதே தடத்துக்கு அதிவேக ரயில் வந்துவிட்டது. இரவு முழுக்கப் போன தூரம் நான்கு மணி நேரமானது. மலைக்குள் சுரங்கம் சுரங்கமாகப் போகும், இருக்கை விமானம் மாதிரி, எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டு வருவார்கள். பழைய ரயில்தான் உயர்ந்தது என்று சொல்லமாட்டேன். அந்தக் கடின இருக்கையில் இன்னொரு இரவு உட்கார என் முதுகு ஒத்துக்கொள்ளாது. ஆனால் உங்கள் தம்பி முதல் மூன்று மாதத்துக்குள் ஒருமுறையாவது மெதுவான ரயிலில், ‘கடினப் படுக்கை’யில் போய் வரட்டும். மூன்று அடுக்குப் படுக்கை, கதவில்லாத பெட்டி, இரவு பத்து மணி வாக்கில் விளக்கை அணைத்துவிடுவார்கள். கீழ்ப் படுக்கைக்கு விலை கொஞ்சம் கூடுதல். இப்போது காகித டிக்கெட் கிடையாது, பாஸ்போர்ட்டே டிக்கெட். 15 நாள் முன்னால் பதிவு திறக்கும். நிலையங்கள் விமான நிலையம் மாதிரி பெரியவை, பை சோதனை உண்டு, ரயில் கிளம்புவதற்குச் சில நிமிடம் முன்பே கதவை மூடிவிடுவார்கள். ஓடிப்போய்த் தொற்றிக்கொள்ளும் நம் வித்தை அங்கே செல்லாது. அக்டோபர் முதல் வாரமும் சீனப் புத்தாண்டும் வந்தால் அறையிலேயே இருக்கட்டும்.

கசப்பையும் சொல்லிவிடுகிறேன். தெருவில் நான் முழுசாகப் புரிந்துகொண்ட முதல் சீன வாக்கியம், ஒரு குழந்தை அம்மாவிடம் கேட்டது: இந்த மாமா ஏன் இவ்வளவு கறுப்பு? அந்த அம்மா வெட்கப்பட்டுப் போனார். எனக்கோ வாக்கியம் புரிந்த சந்தோஷமும் வாக்கியத்தின் வலியும் ஒரே நேரத்தில். வெள்ளை நிற மோகத்தில் அவர்கள் நமக்குச் சளைத்தவர்கள் இல்லை. வெயிலுக்குக் குடை, முகத்துக்கு வெளுக்கும் கிரீம். ஆங்கிலம் சொல்லித்தரும் வேலைக்கு வாய்திறந்தே வெள்ளைக்காரர் வேண்டும் என்பார்கள். அப்படி யாராவது தம்பிக்கே பகுதிநேர வேலை தருவதாகச் சொன்னாலும் அனுமதி இல்லாமல் ஒத்துக்கொள்ள வேண்டாம். மாணவர் விசாவில் அது சட்டவிரோதம், சிக்கினால் அபராதமும் நாடுகடத்தலும் வரை போகும்.

மெட்ரோவில் ஏறுகிற ஒவ்வொரு முறையும் பை ஸ்கேனருக்குள் போய்வரும். தெருவெங்கும் கேமரா. நள்ளிரவில் பெண்கள் தனியாக நடந்துபோவதைப் பார்த்து நான் வியந்ததும் உண்மை, நான் எங்கே என்ன வாங்கினேன் என்பதெல்லாம் ஒரு போனுக்குள் பதிவாகிக்கொண்டிருக்கிறது என்று உறுத்தியதும் உண்மை. சீன நண்பர்கள் சில பேச்சுகளில் மென்மையாக விஷயத்தை மாற்றுவார்கள். அப்போது விட்டுவிட வேண்டும். நமக்கு அது விவாதம், அவர்களுக்கு அது வாழ்க்கை. அப்புறம் சாலை: வண்டிகள் வலப்பக்கம் ஓடும், சிவப்பு விளக்கிலும் வலது பக்கம் திரும்பலாம், மின்சார ஸ்கூட்டர்கள் சத்தமே இல்லாமல் நடைபாதையில் வரும். நம் ஊரில் ஹாரன் கேட்டு ஒதுங்கிப் பழகிய காது அங்கே பயன்படாது.

இரண்டாம் வருடம் கோடையில் ஃபூஜியான் பக்கம் போனேன். ஷியாமென் வரை விமானம், அங்கிருந்து அதிவேக ரயிலில் அரை மணிச் சொச்சத்தில் சுவான்சோ. மங்கோலியர் ஆண்ட யுவான் வம்ச காலத்தில் உலகத்தின் பெரிய துறைமுகங்களில் ஒன்று. தமிழ் வணிகர்கள் அங்கே குடியிருந்து சிவன் கோயில் எழுப்பியிருக்கிறார்கள். 1281ஆம் ஆண்டுத் தேதியோடு, சம்பந்தப் பெருமாள் என்பவர் இறைவனை எழுந்தருளச் செய்ததைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு அங்கே கிடைத்திருக்கிறது. கீழே ஒரு வரி சீன எழுத்தும் உண்டு. கோயில் இப்போது இல்லை. அதன் கற்கள் ஊரெல்லாம் சிதறிப் போயின. அவற்றில் சில, கையுவான் என்னும் பெரிய பௌத்த மடத்தில் இருக்கின்றன.

பிரதான மண்டபத்தின் பின்புறம் பதினாறு பட்டையுள்ள இரண்டு கல்தூண்கள். வட்ட வட்டமாகச் சிற்பம் செதுக்கியிருக்கிறது. பாட்டியும் பேத்தியுமாக ஒரு சீனக் குடும்பம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. அருகிலிருந்த விளக்கப் பலகையைப் பேத்தி படித்துக் காட்டினாள், ஆனால் தூணில் இருப்பது யார், என்ன செய்கிறார்கள் என்பது அவளுக்குப் பிடிபடவில்லை. நான் பார்த்தேன். மடியில் ஒருவனைக் கிடத்தி வயிற்றைக் கிழிக்கும் சிங்கமுகம். இன்னொன்றில் இரண்டு மரங்களுக்கு நடுவே உரலை இழுத்துக்கொண்டு போகும் பிள்ளை.

அதற்குள் என் சீனம் ஒருவாறு தேறியிருந்தது. ஆயி, இந்தக் குழந்தையை அவன் அம்மா உரலில் கட்டிப்போட்டுவிட்டாள், குறும்பு தாங்கவில்லை, என்று தொடங்கினேன். பாட்டி வாய்விட்டுச் சிரித்தார். பேத்தி அடுத்த வட்டத்தைக் காட்டி, இது என்ன, இது என்ன என்று கேட்டுக்கொண்டே வந்தாள். இந்தக் கதைகள் எதையும் நான் புத்தகத்தில் படித்ததில்லை. கோயில் கோயிலாக இடுப்பில் தூக்கிக்கொண்டு போய், தூண் தூணாக விரலை வைத்துக் காட்டி, அப்பாயி சொன்னவை.